லினக்ஸில் தீராத ஹார்ட்வேர் பக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான, மூலநிரல் திறந்திருக்கும் இயங்குதளம்) போட்டுத் தரச் சொல்லி வருபவர்களும், போட்ட பிறகு புலம்பிக்கொண்டு வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பக் என்றால் கோளாறு, பிழை. கேள்விகளில் இருக்கும் சூட்டை நான் குறைக்கவில்லை. அந்தக் கோபம் பெரும்பாலும் நியாயமானது. யார் மேல் காட்டுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

விண்டோஸில் ஒழுங்காக ஓடுகிற அதே லேப்டாப், லினக்ஸில் மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது?

லேப்டாப் தயாரிக்கும் நிறுவனம் பெரும்பாலும் விண்டோஸை வைத்துத்தான் அதைச் சோதிக்கிறது. சோதனையில் ஏதாவது இடறினால் விண்டோஸ் டிரைவரிலேயே (ஹார்ட்வேரோடு பேசும் நிரல்) ஒரு ஒட்டுப் போட்டு அனுப்பிவிடும். ஹார்ட்வேரின் கோணல் அப்படியே இருக்கும். அதை மறைக்கும் வித்தை விண்டோஸ் டிரைவருக்குள் மட்டும் இருக்கும். லினக்ஸ் டிரைவர் எழுதுபவருக்கு அப்படியொரு கோணல் இருப்பதே தெரியாது, யாராவது மாட்டிக்கொண்டு அலறும் வரை.

ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏராளமான லேப்டாப்புகளில் ஒரே ரியல்டெக் ஆடியோ சிப் குடும்பம்தான் இருக்கிறது. ஆனால் சிப்பின் எந்தக் கால் ஸ்பீக்கருக்குப் போகிறது, எது ஹெட்போனுக்கு, எது மைக்குக்கு என்பதை ஒவ்வொரு மாடலிலும் தயாரிப்பாளர் தன் இஷ்டத்துக்கு இணைக்கிறார். அந்த விவரத்தை பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்த நிரல்) சரியாகச் சொல்ல வேண்டும். பல நேரம் சொல்வதில்லை. அதனால் லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையக்கரு; டிரைவர்கள் இருப்பது இதில்தான்) ரியல்டெக் சிப்புகளுக்கென்றே ஒரு கோப்பு பத்தாயிரம் வரிகளைத் தாண்டி வளர்ந்தது. அதைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஒரு பட்டியல் ஓடும்: தயாரிப்பாளர் எண், மாடல் எண், மாடலின் பெயர், அதற்குப் போட வேண்டிய ஒட்டின் பெயர். ஒரு மாடலுக்கு ஒரு வரி. உங்கள் லேப்டாப்பில் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால், பெரும்பாலும் அந்தப் பட்டியலில் உங்கள் மாடலுக்கான வரி இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். பிசிஐ சாதனங்களுக்கும் யுஎஸ்பி டிஸ்க்குகளுக்கும் இதேபோல் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு.

இன்னொரு கூத்து ஏசிபிஐ. மின்சாரம், பேட்டரி, விசிறி போன்றவற்றை எப்படிக் கையாள்வது என்று பயாஸ் இயங்குதளத்துக்குத் தரும் குறிப்புகள் அவை. அந்தக் குறிப்புக்குள்ளேயே “நீ எந்த விண்டோஸ்?” என்று கேட்கும் வசதி இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் இந்தக் கேள்விக்கு, தான் அறிந்த விண்டோஸ் பதிப்புகள் எல்லாவற்றுக்கும் “ஆமாம்” என்று தலையாட்டும், “நீ லினக்ஸா?” என்று கேட்டால் “இல்லை” என்று சாதிக்கும். காரணம் அனுபவம்தான். பயாஸில் விண்டோஸுக்கான பாதையை மட்டும்தான் யாராவது ஓட்டிப் பார்த்திருப்பார்கள். லினக்ஸ் என்று சொன்னால் போய்ச் சேரும் பாதை பெரும்பாலும் யாருமே சோதிக்காத பாதை.

லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். எடுத்தபோது கைவைக்க முடியாத சூடு, பேட்டரியும் காலி. ஏன்?

லினக்ஸ் புலம்பல்களில் முதலிடம் இதற்குத்தான் கொடுப்பேன்.

பழைய முறையில் தூக்கம் என்றால் எஸ்3. மெமரிக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அணைந்துவிடும். அந்த வேலையின் பெரும்பகுதியைப் ஃபர்ம்வேரே (ஹார்ட்வேருக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்; பயாஸும் இந்த வகைதான்) பார்த்துக்கொண்டது. பிறகு போனைப் போல லேப்டாப்பும் தூக்கத்திலேயே மெயில் வாங்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் மாடர்ன் ஸ்டாண்ட்பை முறையைக் கொண்டுவந்தது. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்3 வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. புதிய முறையில் கணினி உண்மையில் அணைவதே இல்லை. ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியாகத் தூங்கவைக்கும் பொறுப்பு இயங்குதளத்தின் தலையில் விழுகிறது. எஸ்எஸ்டி, வைஃபை, கார்டு ரீடர் என்று ஏதாவது ஒன்று தூங்க மறுத்தாலும் பிராசஸர் ஆழமான ஓய்வுக்குப் போகாது. திரை கறுத்திருக்கும், விசிறி நின்றிருக்கும், உள்ளே மின்சாரம் கரைந்துகொண்டிருக்கும். விண்டோஸ்காரர்களும் இதே பையில் சூடாகும் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது ஓர் அற்ப ஆறுதல்.

2018இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 6ஆம் தலைமுறை எஸ்3 இல்லாமல்தான் வந்தது. பயனர்கள் விடாமல் கேட்டதும், பயாஸ் அப்டேட் ஒன்றில் தூக்க முறைக்கான அமைப்பு வந்து சேர்ந்தது. அதில் “லினக்ஸ்” என்று தேர்ந்தெடுத்தால் எஸ்3 திரும்பிவிடும். உங்கள் பயாஸிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஏஎம்டி பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு அந்நிறுவனத்தின் லினக்ஸ் பொறியாளர்கள் எழுதிய பைதான் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டினால் கணினியைத் தூங்கவைத்து எழுப்பி, எது குறுக்கே நின்றது என்று சொல்லிவிடும். பழி யார்மேல் என்று தெரிந்த பிறகு தேடுவது பாதி சுலபம்.

அவசரத்துக்கு: மூடும்போது தூங்காமல் ஹைபர்னேட் ஆகும்படி (மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணையும்படி) மாற்றிவிடுங்கள். எழ நேரமாகும், ஆனால் பை சூடாகாது. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரலை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) இயங்கும்போது பல டிஸ்ட்ரோக்களில் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) கெர்னலே ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பக் பதிவு செய்து வருஷக்கணக்காகிறது. ஒரு ஆள்கூடப் பதில் போடவில்லை. படிக்கவே மாட்டார்களா?

எங்கே பதிவு செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கெர்னலுக்கென்று ஒரு பக்ஸில்லா (பக்குகளைப் பதியும் இணையதளம்) இருக்கிறது; பார்த்தால் அதுதான் அதிகாரபூர்வ இடம் என்று தோன்றும். ஆனால் கெர்னலின் பெரும்பாலான பகுதிகளைப் பராமரிப்பவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மின்னஞ்சல் பட்டியல்களில்தான் அவர்கள் வேலை நடக்கிறது. கெர்னலின் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது, ஆனால் புகார் கொடுக்க வருகிறவர் ஆவணத்தைப் படித்துவிட்டா வருவார்? கதவில் பலகையை மாட்டிவிட்டு உள்ளே ஆளை உட்கார வைக்காதது அவர்கள் தவறுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க கெர்னல் மூலநிரலிலேயே ‘மெயின்டெயினர்ஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு டிரைவருக்கும் பொறுப்பாளர் யார், எந்தப் பட்டியலுக்கு எழுத வேண்டும், நிலைமை என்ன என்று அதில் போட்டிருக்கும். நிலைமையைக் கவனியுங்கள். ‘சப்போர்ட்டட்’ என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் பார்க்கிறார். ‘மெயின்டெயின்ட்’ என்றால் ஒருவர் பார்க்கிறார், சம்பளம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ‘ஆட் ஃபிக்ஸஸ்’ என்றால் நேரம் கிடைத்தால் பார்ப்பார். ‘ஆர்ஃபன்’ என்றால் நாதியில்லை. உங்கள் டிரைவர் நாதியற்றது என்றால் வருஷக்கணக்காகப் பதில் வராததற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

டிரைவர்கள் நாதியற்றுப் போகும் விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2019இல் ஃப்ளாப்பி டிரைவரை, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அநாதையாக அறிவித்தார். பராமரித்தவர்களிடம் ஓடுகிற ஃப்ளாப்பி டிரைவே இல்லாமல் போயிருந்தது. அது காலத்தின் கணக்கு, யாரும் வருத்தப்படவில்லை. ஆனால் 2025இல் இன்டெல் ஆட்களைக் குறைத்தபோது, பிராசஸரின் வெப்பநிலையைப் படிக்கும் கோர்டெம்ப் டிரைவரும் இதே பட்டியலில் சேர்ந்தது. இன்டெல் பிராசஸர் வைத்த கணினிகளில் எல்லாம் அன்றாடம் ஓடுகிற டிரைவர் அது. ஒருவரின் வேலை போனால் அவர் தாங்கிக்கொண்டிருந்த நிரல் அந்தரத்தில் நிற்கிறது; அதை நம்பியிருந்த பயனருக்கு இந்தச் செய்திகூட வருவதில்லை.

ஏற்கெனவே இருக்கும் பக்கில் “எனக்கும் இதேதான்” என்று எழுதினால் கவனிப்பார்களா?

பெரும்பாலும் கெடுதல்தான். 2015இல் பதிவான 109051 எண்ணுள்ள கெர்னல் பக்கைப் பாருங்கள். இன்டெலின் பே டிரெயில் சிப் வைத்த மலிவு லேப்டாப்புகளும் டேப்லெட்டுகளும் திடீரென்று உறைந்துபோகும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழி கிடையாது. பிராசஸர் ஆழமான ஓய்வு நிலைக்குப் போகாதபடி ஒரு கெர்னல் பாராமீட்டரால் (பூட் ஆகும்போது கெர்னலுக்குத் தரும் அமைப்பு) தடுத்தால் உறைவது நின்றது, பேட்டரி வேகமாகத் தீர்ந்தது. அந்தப் பக்கின் தலைப்பே அந்தப் பாராமீட்டர்தான். வருஷக்கணக்கில் அங்கே மக்கள் வந்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். உறைவது என்பது அறிகுறி; அதற்குக் காரணம் கிராஃபிக்ஸாக இருக்கலாம், மின்மேலாண்மையாக இருக்கலாம், வைஃபையாகவும் இருக்கலாம். எல்லோருடைய உறைதலும் ஒரே இடத்தில் குவிந்ததும், எந்தப் பேட்ச் (நிரல் திருத்தம்) யாருக்கு வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போனது.

அதே சிப், அதே பிழை வரி, அதே கெர்னல் பதிப்பு என்றால் உங்கள் பதிவைச் சேர்த்து எழுதுங்கள். அறிகுறி மட்டும்தான் ஒன்று என்றால் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

என் பக்கைத் தீர்க்காமலே “இந்தப் பதிப்பின் ஆயுள் முடிந்தது” என்று மூடிவிட்டார்கள். இது என்ன நியாயம்?

ஃபெடோராவில் இது வழக்கம். ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 13 மாதம் ஆயுள். முடிந்ததும் அதன்மேல் திறந்திருக்கும் பக்குகளை ஒரு நிரல் வந்து மொத்தமாக மூடிவிட்டுப் போகும். ஆயிரக்கணக்கான பக்குகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆள் இல்லை, புரிகிறது. ஆனால் வாரக்கணக்கில் சோதித்து, பதிவெல்லாம் இணைத்து எழுதியவருக்கு முதன்முதலாக வரும் பதிலே ஒரு இயந்திரத்தின் “மூடப்பட்டது” என்றால் அவர் மறுபடி பக் எழுத மாட்டார். புதிய பதிப்பில் சோதித்துப் பாருங்கள். பிரச்சினை அப்படியே இருந்தால் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றித் திரும்பத் திறந்துவிடலாம். கொதித்துப்போய் நான்கு பத்தி எழுத வேண்டாம், இயந்திரம் படிக்காது.

அப்படியானால் யார் மேல்தான் கோபப்படுவது?

இது மாடலுக்கு மாடல் வேறுபடும். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

என்விடியா: 2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் மேடையிலேயே டோர்வால்ட்ஸ் நடுவிரலைக் காட்டியது இந்த நிறுவனத்துக்குத்தான். கிராஃபிக்ஸ் கார்டின் விவரங்களை வெளியே விடாததால், தன்னார்வலர்கள் நூவோ டிரைவரைச் சிப்பின் நடத்தையைப் பார்த்துப் பார்த்தே எழுத வேண்டியிருந்தது. 2022 மே மாதத்தில் கெர்னல் பகுதியை மட்டும் நிறுவனம் திறந்துவிட்டது, அதுவும் 2018இல் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்தைய கார்டு வைத்திருப்பவர் கோபப்பட வேண்டிய இடம் கெர்னல் குழு அல்ல.

எச்டிஎம்ஐ 2.1: ஏஎம்டி கார்டில் 4கே படம் 120 ஹெர்ட்ஸில் எச்டிஎம்ஐ வழியாக லினக்ஸில் முழுதாக வரவில்லையே என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏஎம்டி பொறியாளர்கள் அதற்கான நிரலை எழுதி முடித்துவிட்டார்கள். திறமூலமாக வெளியிட அனுமதி கேட்டபோது எச்டிஎம்ஐ அமைப்பு மறுத்தது. 2024 பிப்ரவரியில் இந்த மறுப்பு வெளியே தெரிந்தது. எழுதிய நிரல் இருந்தும் சட்டக் காகிதம் தடுத்த கதை. டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அதில் மாட்டிக்கொள்ளுங்கள்.

லேப்டாப் கேமரா: 2022வாக்கில் வந்த இன்டெல் லேப்டாப்புகள் சிலவற்றில் சாதாரண யுஎஸ்பி கேமராவுக்குப் பதில் ஐபியு6 என்ற இன்டெல் பட அலகோடு நேரடியாக இணைந்த கேமரா வந்தது. லினக்ஸில் படமே வரவில்லை. அதற்கான டிரைவரின் முதல் பகுதி கெர்னலில் சேர்ந்தது 2024இல் வந்த 6.10 பதிப்பில்தான். சிப்பைச் சந்தைக்கு விட்ட நிறுவனத்திடம் லினக்ஸ் பொறியாளர்கள் நிறையவே இருந்தார்கள், இருந்தும் இந்தத் தாமதம். இங்கே கோபம் நியாயம், முகவரியும் நிறுவனம்தான்.

ஹார்ட்வேரிலேயே கோளாறு இருந்தால்? லினக்ஸைக் குறை சொல்லி என்ன பயன்?

சரிதான், அதுவும் நடக்கிறது. 2017இல் முதல் ரைசன் பிராசஸர்கள் வந்தபோது, பெரிய நிரல்களை லினக்ஸில் கம்பைல் செய்தவர்களுக்கு (மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றியவர்களுக்கு) இடையிடையே கம்பைலர் காரணமில்லாமல் செத்துப்போனது. முதலில் கம்பைலர் மேல் பழி, பிறகு மெமரி மேல், பிறகு கெர்னல் மேல். ஆகஸ்டில் ஏஎம்டியே பிரச்சினை இருப்பதை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிராசஸரை மாற்றிக் கொடுத்தது. அத்தனை கோர்களையும் ஒரே நேரத்தில் பிழிந்தெடுக்கும் வேலையைச் செய்தவர்கள் லினக்ஸ்காரர்கள், அதனால் முதலில் அகப்பட்டதும் அவர்களிடம்தான்.

2019 ஜூலையில் ரைசன் 3000 வந்தது. புதிய டிஸ்ட்ரோக்கள் பூட்டே ஆகவில்லை. சீரற்ற எண் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத் தந்துகொண்டிருந்தது பிராசஸர். பூட் வேலையை நடத்தும் சிஸ்டம்டி என்ற நிரல் அதில் இடறி விழுந்தது. பயாஸ் அப்டேட் வந்ததும் தீர்ந்தது.

எதிர்த்திசையிலும் ஒன்று சொல்லியாக வேண்டும். 2015இல் ஒரு தேடல் சேவை நிறுவனத்தின் சர்வர்களில் கோப்புகளின் நடுவே பூஜ்ஜியங்கள் முளைத்தன. சாம்சங் எஸ்எஸ்டிதான் காரணம் என்று எல்லோரும் தீர்ப்பு எழுதியாயிற்று. சாம்சங் ஆட்கள் உட்கார்ந்து தோண்டியபோது, பல டிஸ்க்குகளை ரெய்டாகச் சேர்க்கும் இடத்தில் டிரிம் கட்டளையை (எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) லினக்ஸ் கெர்னல் கையாண்ட விதம்தான் தப்பு என்று தெரிந்தது. பேட்சையும் அவர்களே அனுப்பினார்கள்.

உங்கள் பிராசஸரின் அறியப்பட்ட குறைகளை நீங்களே பார்க்கலாம். ப்ராக் அடைவில் சிபியுஇன்ஃபோ கோப்பைத் (/proc/cpuinfo) திறந்தால் ‘பக்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்று வரிசையாகப் பெயர்கள். கெர்னல் அறிந்து, சுற்றிவளைத்துப் போகும் சிலிக்கான் குறைகள் அவை.

லினக்ஸ் பக்கால் ஹார்ட்வேரே கெட்டுப்போகுமா?

அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2008இல் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செத்தன. கார்டுக்குள் இருக்கும் நிரந்தர நினைவகம் அழிந்துபோனது. எல்லோரும் நெட்வொர்க் டிரைவரையே சுற்றிச் சுற்றித் தேடினார்கள். குற்றவாளி சம்பந்தமே இல்லாத எஃப்டிரேஸ் என்ற தடமறியும் வசதி. விடுவிக்கப்பட்டுவிட்ட பழைய மெமரி முகவரியில் அது எழுதியது. அதற்குள் அந்த முகவரி கார்டின் நினைவகத்துக்குக் கை மாறியிருந்தது.

2013இல் சில சாம்சங் லேப்டாப்புகள் லினக்ஸை பூட் செய்ததும் செங்கல்லாயின. பிறகு லினக்ஸ் நிரலாளர் மேத்யூ காரெட், விண்டோஸிலிருந்தும் அதே லேப்டாப்பைக் கொல்ல முடியும் என்று காட்டினார். யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) தன் அமைப்புகளைச் சேமிக்கும் மாறிகளுக்கான இடம் நிரம்பினால் போதும், ஃபர்ம்வேர் எழாது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 சில லெனோவோ லேப்டாப்புகளின் பயாஸைப் பூட்டிவிட்டது. அமைப்பைச் சேமிக்கவே முடியவில்லை. உபுண்டு பதிவிறக்கத்தை நிறுத்தி, அதற்குக் காரணமான இன்டெல் எஸ்பிஐ டிரைவரை (பயாஸ் இருக்கும் சிப்போடு பேசுவது) அணைத்து, ஜனவரியில் புதிய பிரதியை வெளியிட்டது. புத்தம்புதிய லேப்டாப்பில் புத்தம்புதிய கெர்னலைப் போடுவதற்கு முன் ஓரிரு வாரம் பொறுப்பது இதனால்தான் நல்லது.

போன அப்டேட் வரை ஓடியது, இப்போது ஓடவில்லை. என்ன செய்வது?

வாழ்த்துகள். கிண்டல் இல்லை. பக்குகளில் அதிர்ஷ்டக்காரப் பக் இதுதான். என்றுமே ஓடாத சாதனத்துக்கு யாரும் கடமைப்பட்டவர் இல்லை. ஓடியதை உடைத்தால் உடைத்தவர் சரிசெய்தாக வேண்டும் என்பது லினக்ஸ் கெர்னலின் எழுதப்பட்ட விதி. டோர்வால்ட்ஸ் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. ரிக்ரெஷன் என்று பெயர். இதற்கென்றே தனி மின்னஞ்சல் பட்டியலும், புகார்களைக் கண்காணிக்கும் ரெக்ஸ்பாட் என்ற நிரலும் இருக்கின்றன.

முதலில் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து, அதில் ஓடுகிறதா என்று உறுதி செய்யுங்கள். வேறெதையும் மாற்றாதீர்கள். கெர்னல்தான் என்று தெரிந்தால் அடுத்தது கிட் பைசெக்ட். இரண்டு கெர்னல் பதிப்புகளுக்கு நடுவே சுமார் 15,000 மாற்றங்கள் இருக்கலாம். நடுவில் ஒன்றை எடுத்து கம்பைல் செய்து பூட் செய்து பார்ப்பது. ஓடினால் பின்பாதி, ஓடாவிட்டால் முன்பாதி. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் பதினான்கு சுற்றில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்பீர்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, பொறுமை போதும். உங்கள் கணினியில் ஓடும் மாட்யூல்களை (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய நிரல் துண்டுகள்) மட்டும் வைத்து கம்பைல் செய்ய லோக்கல்மாட்கான்ஃபிக் வசதி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் நேரமும் வெகுவாகக் குறையும்.

ஒரு எச்சரிக்கை. எப்போதாவது வரும் பக்கில் பைசெக்ட் காலை வாரும். “இந்தச் சுற்றில் உறையவில்லை” என்று ‘நல்லது’ முத்திரை குத்துவீர்கள். இன்னும் இரண்டு மணிநேரம் விட்டிருந்தால் உறைந்திருக்கும். ஒரு முத்திரை தவறினால் முடிவில் கிடைப்பது சம்பந்தமில்லாத மாற்றம். அது யாரோ ஓர் அப்பாவியின் பேட்ச். அதனால் பக்கை வேண்டும்போது வரவழைக்கும் வழி கண்டுபிடித்த பிறகுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

குறிப்பிட்ட மாற்றத்தைச் சுட்டிக்காட்டி, அதை எழுதியவருக்கே நகல் போட்டு வரும் மின்னஞ்சலுக்கு வேகமாகப் பதில் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே ஆட்கள்தான் “வைஃபை வேலை செய்யவில்லை, உதவுங்கள்” என்ற தலைப்பைக் கண்டுகொள்ளாமல் போகிறவர்களும்.

அந்த மின்னஞ்சலில் என்ன எழுத வேண்டும்?

தலைப்பிலேயே விஷயம் முடிந்துவிட வேண்டும்: எந்தச் சாதனம், எந்தப் பதிப்பில் உடைந்தது, எந்தப் பதிப்பில் ஓடியது. உள்ளே லேப்டாப்பின் முழு மாடல் எண், பயாஸ் பதிப்பு, கெர்னல் பதிவு (லாக்). பதிவில் கடைசிப் பிழை வரியை அல்ல, முதல் பிழை வரியைக் காட்டுங்கள். பின்னால் வருவதெல்லாம் முதலாவதன் எதிரொலிகள். டிஸ்ட்ரோ தந்த கெர்னலில் அல்லாமல் கலப்பில்லாத புதிய கெர்னலில் சோதித்தேன் என்று சொல்ல முடிந்தால் பாதி வாக்குவாதம் மிச்சம். மூடிய டிரைவர் எதையாவது ஏற்றியிருந்தால் கெர்னல் தன்னைக் ‘கறைபட்டது’ என்று குறித்துக்கொள்ளும், அந்த நிலையில் வரும் புகாரைப் பலர் தொடமாட்டார்கள். அதை இறக்கிவிட்டுச் சோதியுங்கள். மின்னஞ்சலை வெற்று உரையாக அனுப்புங்கள். எச்டிஎம்எல் மின்னஞ்சலைப் பட்டியல் வாசலிலேயே திருப்பிவிடும்.

“ஓப்பன் சோர்ஸ்தானே, நீயே திருத்திக்கொள்” என்கிறார்களே?

இதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் தங்கள் டச்பேட் டிரைவரைத் தாங்களே திருத்தியிருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நிரல் திறந்திருக்கிறது, உண்மை. சிப்பின் ஆவணம் திறந்திருக்கவில்லை, ஃபர்ம்வேர் திறந்திருக்கவில்லை. பூட்டிய பெட்டியோடு பேசும் நிரலை மட்டும் கையில் கொடுத்துவிட்டுத் திருத்து என்றால் கெர்னல் நிபுணரே திணறுவார். என் பழைய லேப்டாப் ஒன்றில் தூங்கி எழுந்ததும் டச்பேட் செத்துவிடும். மாட்யூலை இறக்கி ஏற்றினால் உயிர் வரும். மூலநிரல் முழுவதும் கண்முன்னால் இருந்தது. டச்பேடுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்ன எதிர்பார்க்கிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. தயாரிப்பாளருக்கு எழுதினேன், “நாங்கள் விண்டோஸை மட்டுமே ஆதரிக்கிறோம்” என்று அச்சடித்த பதில் வந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. ஆப்பிளின் எம்1 வரிசைச் சிப்புகளில் லினக்ஸை ஓடவைத்த அசாஹி லினக்ஸ், ஆவணமே இல்லாமல் சாதித்த வேலை. அதைத் தொடங்கி நடத்தியவர் 2025 பிப்ரவரியில் விலகினார். கெர்னல் சமூகத்தோடு நடந்த மோதல்களோடு, “அது எப்போ வரும், இது ஏன் வரலை” என்று ஓயாமல் அதட்டிய பயனர்களையும் காரணமாகச் சொன்னார். கேட்பது தவறில்லை. கேட்கும் தொனியால் ஆள் போய்விட்டால் டிரைவரும் போய்விடும்.

இணையத்தில் கிடைத்த கெர்னல் பாராமீட்டரைப் போட்டேன், சரியாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று தெரிந்தால் விடலாம். பிராசஸரின் ஓய்வு நிலையைத் தடுத்தால் பேட்டரி போகும். யுஎஸ்பி டிஸ்க்குக்கு வேகமான யுஏஎஸ் முறையை அணைத்தால் வேகம் போகும். ஏசிபிஐயை மொத்தமாக அணைக்கச் சொல்லும் அறிவுரையை மட்டும் தொடவே வேண்டாம். எந்தப் பாராமீட்டரை எதற்காக எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். கெர்னல் பெரிதாக மாறும்போது ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பக் என்றைக்கோ தீர்ந்திருக்கும், ஒட்டு மட்டும் இன்னும் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்.

நிறுவியவுடன் வைஃபையே இல்லை. இதுவும் பக்கா?

பெரும்பாலும் ஃபர்ம்வேர் கோப்பு இல்லாததுதான். கெர்னல் பதிவில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று இருந்தால், கோப்பு காணோம் என்று பொருள். டெபியன் என்ற டிஸ்ட்ரோ பல ஆண்டுகள் கட்டற்றதல்லாத (மூலநிரல் திறக்காத) ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியில் வைக்க மறுத்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றிக்கொண்டு, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துக்கொண்டது.

பிஎஸ்டி பக்கம் போனால் தொல்லை குறையுமா?

பிஎஸ்டி என்பது லினக்ஸைப் போலவே திறமூலமான இன்னொரு இயங்குதளக் குடும்பம். சர்வரில் குறையலாம், லேப்டாப்பில் கூடும். ஃப்ரீபிஎஸ்டியின் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் லினக்ஸிலிருந்து எடுத்துப் பொருத்தியவை. வைஃபையில் அது பல ஆண்டு பின்தங்கியிருந்து இப்போதுதான் எட்டிப் பிடிக்கிறது. ஓப்பன்பிஎஸ்டியின் போக்கு வேறு: பராமரிக்க ஆள் இல்லாததை வைத்திருக்கவே மாட்டார்கள். 2014இல் புளூடூத் அடுக்கையே தூக்கிவிட்டார்கள். இன்றுவரை அதில் புளூடூத் ஹெட்போன் நேரடியாக இணையாது. ஆனால் இருப்பதாகச் சொல்வது ஓடும். அரைகுறை டிரைவரைவிட இந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது, ஹெட்போன் இல்லாமல் இருக்க முடிந்தவர்களுக்கு.

பணம் கொடுத்தால் சரிசெய்வார்களா?

ஒரு பக்குக்குப் பரிசு அறிவிப்பது ஹார்ட்வேர் விஷயத்தில் எடுபடுவது குறைவு. திருத்தக் கூடியவர் கையில் அதே லேப்டாப் இருக்க வேண்டும். பணம் வேலை செய்வது, ஒரே ஹார்ட்வேரை லட்சக்கணக்கில் விற்கும் நிறுவனம் பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கும்போதுதான். 2022இல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கணினி வந்த பிறகு, அதை விற்கும் வால்வ் நிறுவனம் கொடுத்த பணத்தில் ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவர்கள் மேம்பட்டது எல்லா லினக்ஸ் பயனருக்கும் சேர்ந்தது.

எப்போது கைவிடலாம்? அடுத்த லேப்டாப் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

டிரைவர் நாதியற்றது, முன்பும் ஓடியதில்லை, தயாரிப்பாளரும் கைவிரித்துவிட்டார் என்றால் அன்றே விட்டுவிடலாம். வைஃபை கார்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி இன்டெல் கார்டு போடுங்கள். பலருக்கு அதோடு கதை முடிந்துவிடும். விரல்ரேகை சென்சார் ஓடவில்லையென்றால் கடவுச்சொல் அடியுங்கள், அதற்காக இரவெல்லாம் விழிக்க வேண்டாம்.

வாங்குமுன் மாடலின் பெயரைவிட உள்ளே இருக்கும் வைஃபை, ஆடியோ, கேமரா சிப்புகளைத் தேடுங்கள். ஒரே மாடல் பெயரில் வேறு வேறு வைஃபை கார்டுகள் வருவது சகஜம். லினக்ஸ் ஹார்ட்வேர் என்ற இணையதளத்தில் அதே மாடல்காரர்கள் ஏற்றிய சோதனை விவரங்கள் கிடைக்கும். தயாரிப்பாளர் எல்விஎஃப்எஸ் (லினக்ஸுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் தரும் இணையச் சேவை) வழியாகப் ஃபர்ம்வேர் வெளியிடுகிறாரா என்று பாருங்கள். 2015இல் தொடங்கிய அந்தச் சேவையில் இருந்தால் பயாஸ் அப்டேட்டுக்காக விண்டோஸ் வைத்திருக்க வேண்டியதில்லை. கடையில் அனுமதித்தால் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து மூன்றை மட்டும் சோதியுங்கள்: மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறப்பது, கேமராவில் படம், ஹெட்போனைச் செருகிப் பிடுங்கிய பிறகு ஸ்பீக்கரில் ஒலி. திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அந்தக் கெடுவுக்குள் தூக்கத்தை ஒரு முழு இரவு சோதித்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் தேறிய லேப்டாப் எட்டு மணிநேரத்தில் தோற்பதுண்டு.